தூரம் தவறு

விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் எழுந்து நின்றதுமே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்ட பள்ளித் தாளாளர் திரு. தீனதயாளன் அவர்களே! மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களே! மதுராந்தகத்திலிருந்தும், ஏரிக்குக் கீழே உள்ள ஊர்களிலிருந்தும் அரைநாள் வேலையை விட்டு வந்திருக்கும் பெரியவர்களே! மடியில் பிள்ளையும் கையில் விசிறியாக அழைப்பிதழும் வைத்திருக்கும் தாய்மார்களே! சீருடை கசங்கக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியரே! மேடையில் நாற்காலி போடப்படாமல் அந்தத் தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் ஏழாம் வகுப்பு ஆசிரியை ஜெனிட்டா அவர்களே! உங்கள் அனைவருக்கும் மார்கரெட் ஜெரோமின் வணக்கம்.

எனக்கு எழுபத்தாறு வயது. இந்தப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்தேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், கோடு கோணினால் கை கூசும்படி வளர்க்கப்பட்டவள். ஆகவே முதலில் ஒரு குறை. எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் நம் மாவட்டத்தின் படம் இருக்கிறது. திசைகாட்டும் அம்புக்குறி இல்லை. அளவுகோல் இல்லை. பாலாறு மட்டும் கரை ததும்ப நீல நிறத்தில் ஓடுகிறது. ஓடட்டும். பேனரிலாவது ஓடட்டும்.

சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் அது முடியாது.

இன்று திறக்கப் போகும் புவியியல் அறையைப் போன வாரமே வந்து பார்த்துவிட்டேன். குளிர்சாதன வசதி. உள்ளே விளக்கு எரியும் உலக உருண்டை. சுவரை அடைக்கும் தொடுதிரை. அமேசான் காட்டைத் தொட்டால் கிளி கத்துகிறது. எரிமலையைத் தொட்டால் நெருப்பு கக்குகிறது. வேடந்தாங்கலுக்கு வரும் பறவை எந்த நாட்டிலிருந்து புறப்பட்டது, எந்தக் கடலைக் கடந்தது என்று கோடு போட்டுக் காட்டுகிறது. அருமை. மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்: கண்டம் கடந்து வந்த பறவையின் பாதை தெரிந்த குழந்தைக்கு, தன் ஊரில் நான்கு வீடு தள்ளி இருக்கும் தெரு தெரியுமா?

புவியியல் கற்பிக்க என்ன வேண்டும்? ஆசிரியர்களே, குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கொடிக் கயிறு வேண்டும், மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு. கழுத்து வெட்டிய தண்ணீர் பாட்டில் வேண்டும், மழையை அளக்க. வெயிலில் நட்டுவைத்து நிழல் பார்க்க ஒரு குச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளின் கால்கள் வேண்டும். அந்தக் கால்களை வகுப்பறைக்கு வெளியே விடும் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல் அதோ, தூண் ஓரத்தில் நிற்கிறது. ஜெனிட்டா தன் பிள்ளைகளைச் சதுரங்கப்பட்டினத்துக்கு அழைத்துப் போனார். டச்சுக் கோட்டைச் சுவரில் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க வைத்து, மறுமுனையைக் கடல் நனைக்கும் இடம் வரை கொண்டுபோக வைத்தார். போன ஆண்டும் அளந்தார்கள், இந்த ஆண்டும் அளந்தார்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே கடல் எவ்வளவு நகர்ந்தது என்று பிள்ளைகளே கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கமாகக் கிடந்த கடலரிப்பு, அன்று அவர்கள் உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பாக இருந்தது.

அப்படிப்பட்ட ஆசிரியைக்கு இந்த மாதம் முப்பதாம் தேதியோடு வேலை இல்லை. தற்காலிகப் பணி நீட்டிக்கப்படாது என்று கடிதம் தயாராகிவிட்டது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

தாளாளர் என் புடவைத் தலைப்புக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொல்கிறார், "டீச்சர், அது கமிட்டி மேட்டர். இன்னைக்கு வேணாமே." என்றைக்கு வேண்டும் ஐயா? முப்பத்தோராம் தேதிக்கா?

ஜெனிட்டா செய்த குற்றம் என்ன? சொல்கிறேன். அதற்கு முன் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே ஊரில் நடந்தவை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. எட்டாம் வகுப்பு. "உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை காலடியால் அளந்து படம் வரைக" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஏரிக்குக் கீழே ஓர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். அந்த ஊரின் காலனியிலிருந்து வேண்டா என்றொரு பெண் படித்தாள். சீவிய பென்சிலைக் காது மேல் செருகிக்கொண்டு வருவாள். அவள் போட்ட படத்தில் காலனியில் பதினான்கு வீடு, ஒரு கைப்பம்பு, ஒரு புளியமரம் எல்லாம் அச்சு எடுத்தது போல இருந்தன. ஆனால் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி மட்டும் ஏரிக்கரை மேல் ஏறி, ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போனது. இரண்டாயிரத்து நூறு காலடி என்று எழுதியிருந்தாள். நடுவே ஊர் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளைத் தாள்.

என் கணவர் ஜெரோம் நில அளவைத் துறையில் இருந்தவர். அவர் மேசையில் கிடந்த ஊர்ப் படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கோயில் தெரு வழியாக நேரே போனால் அறுநூறு காலடிகூட வராது. சிவப்பு மையை எடுத்தேன். "தூரம் தவறு. படம் முழுமையாக இல்லை" என்று எழுதினேன். பத்துக்கு மூன்று.

வேண்டா மேசைக்கு வந்தாள். "டீச்சர், நான் சரியாத்தான் எண்ணுனேன்" என்றாள்.

"நேர் வழி இருக்கும்போது ஏன் சுற்றிப் போகிறாய்?"

"அந்தத் தெருல நான் நடந்ததே இல்ல டீச்சர். நடக்காத தெருவ எப்டி போடறது?"

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு மாவட்டத்தின் புவியியல் இருந்தது. கேட்க எனக்குக் காது இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போய் எண்ணிவிட்டு வா" என்றேன்.

போனாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கையில் நோட்டும் காதில் பென்சிலுமாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டே கோயில் தெருவில் நடந்தாள். டீச்சர் சொன்னாரே! பாதித் தெருவில் மறித்தார்கள். நோட்டைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தார்கள். அவள் அப்பாவை வரவழைத்து, துண்டைக் கக்கத்தில் வைத்து, ஊர் நடுவே நின்று மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். எதற்கு? அவர் பெண் காலடி எண்ணியதற்கு.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தாள். "நூத்தி நாப்பது வரைக்கும்தான் எண்ண முடிஞ்சுது டீச்சர்" என்றாள். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. "அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது" என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. பத்து நாள் கழித்து, அந்த ஊருக்கு அளக்கப் போய் வந்த ஜெரோம்தான் நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, "மார்கரெட், அந்தப் பொண்ணு போட்ட படத்துல தப்பே இல்ல. என் படத்துலதான் ஒரு சுவர் விட்டுப்போச்சு" என்றார்.

நான் வேண்டாவின் வீட்டுக்குப் போனேனா? போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். பதிவேட்டில் அவள் பெயரை அடித்தேன், அளவுகோல் வைத்து, நேர்க்கோடாக.

அங்கே நீலச் சட்டைக்காரர் என்னவோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா. "இன்னாம்மா, ஃபங்ஷனுக்கு வந்த எடத்துல பழைய கதைய கெளப்பிகினு கீறீங்க, இப்போ அதெல்லாம் எங்க கீது" என்கிறார். நல்ல கேள்வி. எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதானே புவியியல்? காட்டுகிறேன். உட்காருங்கள்.

இந்த ஆண்டு, அதே வீட்டுப்பாடத்தை ஜெனிட்டா கொடுத்தார். என் கதை அவருக்குத் தெரியாது. அந்த ஊரிலிருந்து பதினோரு பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறார்கள். ஊர்த் தெருவிலிருந்து ஐந்து பேர், காலனியிலிருந்து ஆறு பேர். ஊர்ப் பிள்ளைகளின் படத்தில் குளத்தோடு ஊர் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் "வயல்" என்று எழுதியிருக்கிறார்கள். காலனிப் பிள்ளைகளின் படத்தில் வழி ஏரிக்கரை மேல் ஏறிச் சுற்றிக்கொண்டு போகிறது. கையில் செல்போன் வந்தது. தெருவில் சிமெண்ட் சாலை வந்தது. அந்த வளைவு நிமிரவில்லை.

அவர் சிவப்பு மையை எடுத்தாரா? இல்லை. பதினோரு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது பிள்ளைகள். கோயில் தெரு ஜெயப்பிரியா கேட்டாள், "மிஸ், ஜான்சன் வூடு என் படத்துல இல்ல. மறந்துட்டேனா?" காலனிப் பையன் ஜான்சன் பதில் சொன்னான், "மறக்கல. உனக்குத் தெரியாது. உன் வூடும் எனக்குத் தெரியாது. சரிக்குச் சரி, வுடு." வகுப்பே சிரித்ததாம். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனதாம். "ரெண்டையும் ஒட்டி ஒரே படமா போட்டா என்ன மிஸ்?" என்று கேட்டவளும் ஜெயப்பிரியாதான்.

நான் ஒரு குழந்தையைத் தனியாக அனுப்பினேன். ஜெனிட்டா யாரையும் தனியாக அனுப்பவில்லை. தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கினார். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார். ஒரு சனிக்கிழமை காலை வகுப்பின் நாற்பது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, முடிச்சுக் கயிற்றோடு, தானே முன்னால் நடந்து போனார். காலனித் தெருவை அளந்து முடித்தார்கள். கோயில் தெரு முனையில் நான்கு பேர் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்கள். "பாடம் நடத்தச் சொன்னா சாதி நடத்துறியா?" என்றார்கள். பிள்ளைகளோடு திரும்பிவிட்டார். அதுதான் அவர் செய்த குற்றம், அவையோரே! முழுக் குற்றப் பத்திரிகையும் அவ்வளவுதான்!

திங்கட்கிழமை நிர்வாகத்துக்குப் புகார் வந்தது. புதன்கிழமை சுவரிலிருந்து படங்கள் போயின. போன வாரம் அறையைப் பார்க்க வந்தபோது, தொடுதிரை வந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு சுருள் கிடந்தது. "இது என்னப்பா?" என்று ஒருவரைக் கேட்டேன். "அது அந்த மிஸ்ஸோட பேஜாரு பேப்பர்மா. கொளுத்தச் சொன்னாங்கோ. பசங்க போட்டது, எனக்கு மனசு வர்ல" என்றார். யார் என்று சொல்ல மாட்டேன். நிர்வாகம் என் முகத்தைப் பார்த்துப் பயனில்லை. அந்தச் சுருளை விரித்தேன். ஏரிக்கரை மேல் ஏறி வளைந்து போகும் அந்த வழியைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு வரைபடத்தைச் சரியாகப் படித்தேன்.

நிர்வாகக் குழுவினரே, உங்களைக் கேட்கிறேன். செயற்கைக்கோள் எடுத்த படத்தை அந்தத் திரையில் விரியுங்கள். கோயில் கோபுரம் தெரியும். காலனிக் கூரை தெரியும். நடுவில் கிடக்கும் தெருவும் தெரியும். யார் அதில் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்பது தெரியுமா? எந்தக் கோளிலிருந்து பார்த்தால் அது தெரியும்? எத்தனை இலட்சத்துத் திரையில் தெரியும்? ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பென்சிலில் தெரிந்ததே! தெரிந்த பென்சிலை ஒடித்துவிட்டுத் தெரியாத திரையைத் திறக்க என்னைக் கூப்பிட்டீர்களா?

தாய்மார்களே, புகார்க் கடிதத்தில் உங்களில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். திட்டவில்லை. நான் போட்ட சிவப்புக் கோட்டுக்கும் நீங்கள் போட்ட கையெழுத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் என்னால் அதை அழிக்க முடியாது. வேண்டா இன்று எங்கே இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. உங்களால் முடியும். முப்பதாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத ஒரு வரி போதும். பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன்.

பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள். "படிக்காமயே போட்டுட்டோம் டீச்சர். வண்டில வந்து வாங்கிகினு போனாங்க" என்கிறார். உட்காருங்கள் அம்மா. இந்தப் பந்தலில் இன்று உண்மை பேசிய முதல் ஆள் நீங்கள்தான். தாளாளர் அவர்களே, ஒன்பதில் ஒன்று போயிற்று.

முடிக்கிறேன். கடிகாரத்தை இனிப் பார்க்க வேண்டாம். இந்த அறைக்கு என் பெயரை வைப்பதாக முடிவு செய்து, பித்தளைப் பலகை அடித்து, வாசலில் பட்டுத் திரை போட்டு மறைத்திருக்கிறீர்கள். பெருமை பிடித்தவள் நான், மறைக்கவில்லை, மகிழ்ந்தேன். ஆனால் ஜெனிட்டா பாடம் நடத்தாத அறைக்கு என் பெயர் பொருந்தாது. அதனால் இன்று காலை, நீங்கள் பந்தலில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தபோது, ஜெரோமின் திருப்புளியோடு வந்து நான்கு திருகையும் நானே கழற்றினேன். எவரும் உதவவில்லை, எவரையும் விசாரிக்க வேண்டாம். பலகை என் கைப்பையில் இருக்கிறது, சற்றுக் கனமாகத்தான் இருக்கிறது. ஜெனிட்டாவுக்குப் பணி நீட்டிப்புக் கடிதம் கொடுக்கும் நாளில் திருப்பித் தருகிறேன். அதுவரை அந்தப் பட்டுத் திரைக்குப் பின்னால் இருப்பது பதினோரு பிள்ளைகள் வரைந்த படம். ஓரங்களை நேராக வைத்து ஒட்டியிருக்கிறேன்.

வெயிலைப் பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. கேட்கப் பிடிக்காமலும் எழுந்து போகாதவர்களுக்கு அதைவிட அதிக நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

தாளாளர் அவர்களே, வாருங்கள். பட்டுத் திரையின் கயிறு உங்கள் கைக்குத்தான் காத்திருக்கிறது. ஊர் பார்க்கிறது. இழுங்கள்.