வீட்டுக்காரியின் பெருவிரல்

— வீட்டுக்காரிட பேரை இன்னொருக்காச் சொல்லு புள்ள.

— சீதேவிப்பிள்ளைங்க, விதானையாரே.

— பழுகாமத்தில அந்தப் பேரில நாலைஞ்சு பேர் கிடக்கு. எந்த வளவு?

— தோணித்துறையில இறங்கி, கரையோடயே தெக்கால நடந்தா கடைசி வீடுங்க. வாசல்ல ஒரு நாவல் மரம். அதுக்கப்புறம் தண்ணிதான்.

— அந்த வீட்டில ஆரும் இல்ல.

— நான் இருக்கேனே. பத்து நாளா இருக்கேன்.

— கதவில பூட்டுத் தொங்குது. ஏழு வருசமாத் தொங்குது. கூரை பாதி இறங்கிப்போச்சு. திறப்பு என்ட இடுப்பில கிடக்கு, இந்தா, பார்.

— சாவியா? அங்க பூட்டே இல்லீங்க. கதவு ராப்பகலாத் திறந்துதான் கிடக்குது. சாத்தினா அந்தம்மாவுக்கு மூச்சு முட்டுமாம்.

— ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது?

— அவங்கதான்.

— இஞ்ச பார், தையல்நாயகி. நீ நாகப்பட்டினத்தாள். சண்டைக்காலம். வெளியூரார் தாங்கள் இருக்கிற வீட்டை இண்டைக்குள்ள ஊர் விதானையிட்டப் பதியவேணும் எண்டு வெள்ளைக்காரன்ட கட்டளை. பதியாட்டி நாளைக்கு வெள்ளன உன்னை றெயிலேத்தி, மன்னாரால கப்பலேத்திப் போடுவாங்கள். அந்தப் பயத்தில வாயில வந்ததைச் சொல்லுறாய்.

— பயம்தாங்க. திரும்பிப் போனா எனக்கு ஆரு இருக்கா? அவரு செத்த மூணாம் நாளே கொழுந்தனாரு என் சட்டி பானையைத் தெருவில வீசிட்டாரு. அதுக்காகப் பொய் சொல்லுவேனா? நீங்கதானே போன வாரம் இந்தக் கடுதாசியைக் குடுத்தீங்க. வீட்டுக்கார ஐயாகிட்டக் கைநாட்டு வாங்கணுமான்னு கேட்டதுக்கு அப்பிடிச் சிரிச்சீங்களே!

— சிரிப்பு வராதா? எங்கட ஊரில வீடு பொம்புளைக்குத்தான். தாய் மகளுக்குக் குடுப்பா. ஆம்புளை கலியாணம் முடிச்சுப் போய் அங்க இருக்கிறான், அவ்வளவுதான். பொஞ்சாதி செத்தா உடுப்பை மூட்டை கட்டிக்கொண்டு வெளிய வரவேண்டியதுதான்.

— அப்ப இந்த ஊரு ஆம்பிளைங்களும் என்னைப்போல வெளியூரார்தானா!

— உனக்கு வாய்க்குக் குறைச்சலில்ல. நானும் மண்டூரான்தான். நீ பதிய வந்து நிக்கிற இந்தக் கந்தோருக்குள்ளதான் படுக்கை. சிரி, நல்லாச் சிரி.

— சிரிக்கலீங்க. அந்த வீட்டில அந்தம்மா ஒரு பாயை மூலையில சுருட்டி வச்சிருக்காங்க. தினமும் வெயில்ல காயப்போட்டு எடுப்பாங்க. நான் தொட்டா மட்டும் கோபம் வரும்.

— மறுகா... சொல்லு, நீ அங்க எப்பிடிப் போனாய்?

— தோணியை விட்டு இறங்கினதும் தாகம். வீடு தெரிஞ்சுது, தண்ணி கேக்கலாம்னு போனேன். நாவல் மரத்தடியில நின்னாங்க. என்னைப் பாத்ததும், "மருந்து கொண்டாந்தியா?"ன்னாங்க. இல்லம்மான்னேன். "சரி, நீயாவது உள்ள வா"ன்னாங்க.

— அவ எப்பிடி இருந்தா?

— மெலிஞ்ச கை. இந்த வெயில்லயும் போர்வைதான். குளிருது குளிருதும்பாங்க. எனக்குச் சோறு போடுவாங்க, அவங்க ஒரு பருக்கை தின்னமாட்டாங்க.

— அந்தக் காய்ச்சல் வருசம்... வீட்டுக்கு வீடு ஆள் விழுந்துகிடந்த காலம் புள்ள. அவளுக்கும் காய்ச்சல். பிதத்திக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்கப் பாத்தா. அதாலதான் புருசன்காரன் கதவை வெளியால பூட்டிப்போட்டு மட்டக்களப்புக்கு மருந்துக்குப் போனான். விளக்கு வைக்க முந்தி வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனான்.

— வந்தாரா?

— நாலாம் நாள் வந்தான்.

— அந்த மூணு ராத்திரி எங்க தங்கினாரு?

— அது கடுதாசியில இல்லாத கேள்வி.

— அவங்க தினமும் என்கிட்ட அதத்தான் கேக்குறாங்க. எனக்கென்ன தெரியும்?

— நிப்பாட்டு! அவ செத்துப்போனா, விளங்குதா? கதவைத் திறக்கக்குள்ள வாசற்படியோட சாஞ்சு கிடந்தா. செத்த ஆள்ற வீட்டை உன்ட விலாசம் எண்டு பதிய ஏலா.

— செத்தவங்களா...

— ஓம்.

— இருக்கட்டுங்க. உசிரோட இருந்தவங்க என்னைத் தெருவில தள்ளினாங்க. இவங்க உள்ள வான்னாங்க. எனக்கு வேற வீடு இல்ல. நீங்க கேட்ட கைநாட்டையும் வாங்கியாந்துட்டேன். பாருங்க.

— கொண்டா இஞ்ச. இதென்ன, கடுதாசி நனைஞ்சு கிடக்கு? தோணியில விழுந்ததா?

— இல்லீங்க. அவங்க விரலை வச்சப்பவே ஈரந்தான். மை இல்லாம விளக்குக் கரியைத் தொட்டு வச்சாங்க.

— பெருவிரலுக்குக் குறுக்கால ஒரு கோடு.

— பாக்குவெட்டி பட்ட தழும்பாம்.

— தெரியும். கலியாணம் முடிச்ச கிழமை பட்டது. நான்தான் என்ட சால்வையைக் கிழிச்சுக் கட்டினன்.

— நீங்களா?

— நான்தான்.

— அப்ப இந்த வீட்டைப் பதிஞ்சிருவீங்களா ஐயா? நான் இங்கயே இருந்துக்கலாமா?

— பதியிறன். அவ வீடு, அவ ஓம் எண்டா நான் ஆர் இல்லையெண்ண? எங்க, வாசிச்சுப் பாப்பம்... "இந்த வீட்டில் வசிக்கும் வெளியூரார்." முதலாம் வரி, தையல்நாயகி. சரி. ரெண்டாம் வரியில இதென்ன, கலங்கிக் கிடக்கு? உன்னோட இன்னொரு ஆளும் வந்ததா?

— இல்லீங்க. அதுவும் அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினதுதான். வெளிச்சத்துல பிடிச்சு வாசிங்க.

— கோ... கோணாமலை. மண்டூர். புள்ள, இது என்ட பேர்.

— நீங்களும் வெளியூரார்தானேன்னாங்க. பொழுது சாயுது, எந்திரிங்க. விளக்கு வைக்க முந்திக் கூட்டியாரச் சொன்னாங்க. இந்தத் தடவை கதவை அவங்களே பூட்டிக்குவாங்களாம்.