நான்காம் மாடிக் கூடை

வெள்ளிக்கிழமை காலையில்தான் கெய்ரோ படம் எடுக்க வாகாக இருக்கும் ஐயா. ஊர் பாதி தூக்கத்தில் கிடக்கும், வெளிச்சமும் இதமாக விழும். பத்து வருஷமாக என் கைப்பேசியில் சந்து சந்தாக எடுத்து வருகிறேன். யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கு.

நக்வா எங்கள் தெருப் பெண். பெண் கேட்டேன், மாட்டேன் என்றாள். பிறகு ஒரு எலக்ட்ரீஷியனோடு ஓடிப்போய் நிக்காஹ் செய்துகொண்டாள். கண்ணில் பட்டால் அறுத்துப்போடுவேன் என்று அவள் அண்ணன் ஷாக்கிர் காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தான். அவன் கசாப்புக்காரன், வெறும் வாய்ப்பேச்சு ஆள் இல்லை.

போன இலையுதிர்காலத்தில் நைலுக்கு அக்கரையில், இம்பாபா பகுதியில் ஒரு சந்தில் நின்றேன். நான்காம் மாடியிலிருந்து காய்கறிக்காரனுக்குக் கயிற்றில் கூடை இறங்கியது. வெயில் விழுந்த விதம் பிடித்துப்போய் எடுத்தேன். அண்ணாந்தால் நக்வா. ஓடி இறங்கி வந்தாள்.

"லுத்ஃபி அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்?" என்றேன். சொல்லவும் இல்லை.

மழையில் சந்து குளமானபோது போனேன். அன்று தெருக்கதவுச் சாவியைக் கூடையில் போட்டு இறக்கினாள். நம்பிக்கையான ஆளுக்கு மட்டும்தான் அப்படி இறக்குவோம், உங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம். மேலே போய் அவள் புருஷனோடு டீ குடித்தேன். மணல்காற்று அடித்த வசந்தத்திலும் சாவி இறங்கியது. எல்லாவற்றையும் படம் எடுத்தேன். கோடையில் மாம்பழம் கொண்டுபோய்க் கூடையில் வைத்தபோது, மேலே கொடியில் உள்ளங்கை அளவுச் சட்டைகள் காய்ந்தன.

"மாமா ஆகப்போறீங்க அண்ணே. நீங்கதான் பேர் வைக்கணும்" என்று சிரித்தாள்.

எனக்கும் சந்தோஷம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் காப்பிக்கடையில் ஷாக்கிர் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைக் காட்டினேன். ஒரே சந்து பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்று காட்டத்தான். ஒரு படத்தில் பால்கனியில் அவள் நின்றாள். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"இது எந்தத் தெரு?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் பேசும் பழக்கம் எனக்கில்லை.

"போனா கதவத் தொறப்பாளா?"

"உனக்குத் தொறக்க மாட்டா" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஷாக்கிர் பால்கனிக்கு நேர் கீழே சுவரோடு ஒட்டி நின்றான். நான் நடுச்சந்தில் நின்று குரல் கொடுத்தேன்.

"ஏறி வாங்கண்ணே, அவரும் இப்ப வந்துடுவாரு" என்று சொல்லிச் சாவியோடு கூடையை இறக்கினாள்.

அவன் செய்ததை அவன் சொல்லிவிட்டான். நான் செய்ததை நான்தான் சொல்ல வேண்டும். தெருக்கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டேன். வெளியிலிருந்து பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எப்படியோ அவன் பிடியிலிருந்து நழுவி நான்கு மாடியும் இறங்கி வந்துவிட்டாள். உள்ளிருந்து கதவைத் தட்டினாள். "அண்ணே, தொறங்க. நான் நக்வா" என்றாள். படியில் அவன் செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். நடுவில் பலகைதான், அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் நாங்கள் நின்றதே இல்லை ஐயா. திறந்தால் அது முடிந்துவிடும் என்றுதான் திறக்கவில்லை.