சுந்தராம்பாள் வீட்டுத் தரை

எனக்கு இல்லை என்று சொல்ல வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. வல்லம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இளையபெருமாள் மேஸ்திரியிடம் ஒன்று கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் கிடையாது.

ஈயச் சுரங்கத்தை மூடிவிட்டுப் போன கம்பெனி, எண்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் ஒரு ஆபீசரை அனுப்பியது. சுரங்கத்தைச் சுற்றி மேல்மண்ணை ஒரு முழ ஆழத்துக்குச் சுரண்டி, அதைப் பழைய குழியில் கொட்டி மூடிவிட்டு, சுரண்டிய இடத்தில் ஏரி வண்டல் நிரப்ப வேண்டும். மழைக்கு முன்னால் முடித்தால் நிலம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பொறுப்பு என் தலையில். நல்ல வேலைதான். ஒரே சங்கடம், குழிக்குப் போகிற வண்டிப்பாதை என் மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவே போனது. வண்டி குலுங்கினால் மண் சிந்தும். என் கடலைப் பயிரில் அது விழுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மண் மாவு மாதிரி இருந்ததா, தரை போடத் தோதென்று கண் வைத்துவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வாசல் தேடி வண்டி அனுப்பினேன். ஆபீசருக்குக் குழியில் கொட்டியதாகக் கணக்கு. சுந்தராம்பாள் மட்டும் கொஞ்சம் இழுத்தாள். அவளுக்கு மங்கை என்று இரண்டு வயதில் ஒரு பெண்.

"ஈயம் கலந்த மண்ணுன்னு சொல்றாங்களே, ண்ணா?"

"ஈயம் பூசின பாத்திரத்துலதான புளிக்கொழம்பு வெக்கிற? இன்னா ஆயிட்டுது உன் ஊட்டுக்காரனுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கே மண்ணைக் கொட்டிக் கெட்டித்துச் சாணி மெழுகிவிட்டார்கள். தரை பார்க்க லட்சணமாக இருந்தது.

மங்கைக்கு மண் தின்கிற பழக்கம். எந்தக் குழந்தைக்குத்தான் இல்லை? ஆவணியில் வயிற்றுவலி வந்தது. அப்புறம் ஈறில் நீலமாக ஒரு கோடு. புரட்டாசியில் வலிப்பு. பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். குழந்தை என்ன தின்றது என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். பெற்றவள் பக்கத்தில் நிற்கும்போது அதையெல்லாம் சொல்லி அவளை நோகடிப்பானேன்? மறுநாள் விடியும்போது மங்கை போய்விட்டாள். அழுதேன், ஐயா. அதில் பொய் இல்லை.

தெரிந்துதான் செய்தாயா என்கிறீர்கள். நான் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிற ஆள். முதல் வண்டி கிளம்புவதற்கு முன்பே, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற அன்வர் பாஷாவிடம் அந்த மண்ணில் கிடந்த கட்டி ஒன்றைக் காட்டினேன். அவர் அதை உலையில் போட்டு உருக்கினார். ஆறியதும் காகிதத்தில் தேய்த்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது.

"நாங்க பூசறது வெள்ளீயம், மேஸ்திரி. இது காரீயம். இத்த வயித்துக்குள்ள உட்டா புள்ளைங்க பொழைக்காது."

இரண்டுக்கும் பேர் ஈயம்தானே? சுந்தராம்பாளிடம் நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் ராஜகிரி மலைக்கு மேல் மேகம் கட்டிவிட்டது. மறுநாள் ஆபீசர் வருகிறார், ஒரு வண்டி மண் மிச்சம் கிடக்கிறது. குழந்தை புரண்ட தரையைப் பார்க்கப் பார்க்க ஆறவில்லை, மேலே புதுசாகக் கொஞ்சம் மண் போட்டு மெழுகினால் தேவலாம் என்று சுந்தராம்பாளே வந்து கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். வயிற்றுப்பிள்ளைக்காரி பாரம் தூக்கக் கூடாதே என்று, அத்தனை மண்ணையும் நானே கூடை கூடையாகச் சுமந்து உள்ளே கொட்டிக் கொடுத்தேன்.