விரிசல் இல்லாத மோதிரம்

பொடி போடும்போது எங்கள் பட்டறையில் யாரும் தும்மக்கூடாது, ஐயா. தும்மினால் தங்கம் பறந்துவிடும். என் தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே சிரிப்பான்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறத் தங்கப் பொடியை அவன் அச்சுக்குள் அடுக்குவான். நான் அழுத்திக் கொடுப்பேன். நாங்கள் உருக்குவதில்லை. உருகினால் நிறங்கள் கலந்துபோகும். உருகாத சூட்டில் உலையில் வைத்தால் பொடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சிவப்பில் செம்பு இருப்பதால் சூட்டில் காற்றுப் பட்டால் கறுக்கும். அதனால் உலைக்குள் ஆர்கான் வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மணம் கிடையாது, இருமலும் வராது. ஆனால் அறையில் நிறைந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது. உலையின் பின்னால் ஒரு குழாய் அதைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும்.

அம்மா போனபோது தம்பி கைக்குழந்தை. கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். அவனுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் மோதிரங்கள் நிறம் சேரும் இடத்தில் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தன. மனைவியின் ஊரில் நல்ல உலை இருக்கிறது, வேலையும் கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு போகிறேன் என்றான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறதானேக்கா," என்றான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இல்லாத வீட்டில் காலையில் நான் யாருக்காக எழுந்திருப்பது?

கடைசி மோதிரம் வெந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க அவன் உலையறைக்குள் போகுமுன் பின்குழாயைக் கழற்றி வாயுவை அறைக்குள்ளேயே விட்டேன். மின்விசிறியையும் போடவில்லை. மயங்கி விழுந்தால் பயந்துபோய்ப் பயணத்தை நிறுத்துவான் என்று நினைத்தேன். கதவைப் பூட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவுக் கண்ணாடி வழியாக, வெளியே நின்ற என்னைப் பார்த்தான்.

"அக்கா, தலை சுத்துது."

"கீழ உக்காருடா. சரியாயிடும்."

நான் சொன்னால் கேட்கிற பிள்ளை. உட்கார்ந்தான். அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். அது எனக்குத் தெரியும்.

அவன் தலை சாய்ந்த பிறகும் வாயு சிலிண்டர் வெளியே என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடினால் சிவப்பு கறுத்துப்போகும். உலை ஆறும்வரை காத்திருந்தேன்.

மோதிரத்தில் ஒரு விரிசல்கூட இல்லை, ஐயா. அதை மட்டும் பார்த்திருந்தால் தம்பி என்னை விட்டுப் போயிருக்கவே மாட்டான்.