என்னிடம் இல்லாத எண்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அண்ணன் கோதண்டராமன் அவர்களே, எச்சரிக்கை சொல்ல வந்திருக்கும் காவல்துறை அம்மையார் ஜெயஸ்ரீ அவர்களே, ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கும் கடைவீதிச் சொந்தங்களே, சிங்கவரத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் பேருந்து பிடித்து வந்த பெரியோர்களே, பெற்றதைத் தொலைவில் விட்டுவிட்டு, போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் தாய்மார்களே! பாத்திரக்கடை சம்பந்தத்தின் பணிவான வணக்கம்.

போனில் ஏமாற்றுகிறவன் பரிசு விழுந்தது என்பான், பார்சல் வந்தது என்பான், கரண்ட்டைக் கட் பண்ணுவேன் என்பான். அதையெல்லாம் அம்மையார் விளக்கிவிட்டார். நான் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் ஒரே மகள் பிரீத்தி. ஆறு ஆண்டுகளுக்கு முன், மனத்துக்குப் பிடித்தவனை மணந்துகொண்டு புனேவுக்குப் போனாள். "இனிமே அவ பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாது" என்றேன். கேட்கவில்லை ஐயா! ஆறு தீபாவளி கேட்கவில்லை. ஆறு பொங்கல் கேட்கவில்லை. என் மனைவி சாரதா எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு நண்பகல். கடைக்குப் போன் வந்தது.

"போலீஸ்லேர்ந்து பேசறோம். உங்க பொண்ணு பிரீத்தி ஒரு கேஸ்ல மாட்டியிருக்கு. அரை மணி நேரத்துல பணம் அனுப்பலன்னா ஜெயிலு."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் அழுகிறாள். "அப்பா... காப்பாத்துப்பா!"

என் மகள் என்னை ஒருநாளும் அப்பா என்றதில்லை, நைனா என்பாள். அது எனக்கு உறைக்கவில்லை. ஆறு ஆண்டு பட்டினி கிடந்த காதுக்கு எந்த அழுகையும் மகளின் அழுகைதான்!

என்ன தம்பி, ஏமாந்துவிட்டேனா என்கிறீர்களா? சொல்கிறேன், பொறுங்கள்.

பணம் அனுப்பப் போன என் கையை, கல்லாவில் இருந்த சாரதா பிடித்தாள். அந்த அழைப்பைத் துண்டித்தாள்.

"இன்னாங்க பண்றீங்க? மொதல்ல அவளுக்கு ஒரு போன் போடுங்க."

போடலாம். எண் எங்கே? அவள் போன அன்றே என் போனிலிருந்து அழித்துவிட்டேனே! எவனோ ஒருவன் அவளைப் பெயர் சொல்லிப் பேசுகிறான். பெற்ற என்னிடம் அவள் எண் இல்லை! நம்ம ஊர்க் கோட்டை மேல் ஏறி எட்டுத் திசையும் பார்த்தவன், மகள் இருக்கும் திசையை மட்டும் பாராதிருந்தேன்!

சாரதா சொன்னாள். சீட்டில்லை, புத்தகமில்லை. பத்து எண்களையும் மடமடவென்று சொன்னாள். என் சொல்லுக்குப் பயந்து ஒருமுறைகூட அழைக்காத எண்ணை, ஆறு ஆண்டுகளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லியே வைத்திருக்கிறாள், தாய்மார்களே!

கடைப் போனில் அவளே ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. பிரீத்தி எடுத்தாள்.

"கடை நம்பராச்சே... யம்மா? இன்னாம்மா ஆச்சு? நைனாவுக்கு எதுனா ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்லடி. எங்க இருக்க?"

"ஆபீஸ்லம்மா. இப்பதான் சாப்பிட உக்காந்தேன்."

"சாப்புடு கண்ணு... சாப்புடு." என்றாள் சாரதா.

"நைனா பக்கத்துல இருக்காராம்மா?"

நான் தலையை ஆட்டினேன். போனில் தலையை ஆட்டினால் யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, "சரிம்மா, வைக்கிறேன்" என்றாள்.

அவையோரே, அந்த மோசடிக்காரன் எந்தக் கதவை உடைத்தான்? நாம் யாரை நினைத்து உள்ளுக்குள் ஏங்குகிறோமோ, அவர் பெயரைச் சொல்லித்தான் அவன் வருகிறான். நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் அவன் பேசுகிறான்! மிரட்டினால் போனை வையுங்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930க்குச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்களே போன் போடுங்கள். ஏதும் நடக்காத நாளிலும் போடுங்கள். சண்டையா? சண்டையோடு போடுங்கள்! வார்த்தை வரவில்லையா? வராமலே போடுங்கள்!

ஊருக்கு இவ்வளவு பேசிவிட்டேன். பேச வேண்டியவளிடம் இன்னும் ஒரு சொல் பேசவில்லை. தலைவர் பொறுத்தருள வேண்டும். எனக்கு அளித்த நேரத்தில் ஐந்து நிமிடம் மீதமிருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். மேடைக்குப் பின்னால் போய் ஒரு போன் போட வேண்டும்.