நடு வீடு

— விளையாடாதீங்கப்பா. வீட்டுலதான் இருக்கேன்னு போன்ல சொல்றீங்க. நான் உங்க வாசப்படியிலதானே நிக்கிறேன்! கதவு பூட்டியிருக்கு. உள்ள ஒரு சத்தமும் இல்ல.

— அடுப்படியில உக்காந்திருக்கேன் இங்கேலா. காபி கொதிக்குது, உனக்குப் பிடிக்குமேன்னு காபியில போட பாலாடைக்கட்டி நறுக்கி வெச்சிருக்கேன். கதவைப் பூட்டலையே. இந்த வீட்டை நான் என்னிக்கும்மா பூட்டினேன்?

— எந்த அடுப்படியில?

— இதென்ன கேள்வி? எனக்கென்ன நாலு அடுப்படியா இருக்கு?

— அப்பா... மறுபடியும் பழைய இடத்துக்குப் போயிட்டீங்களா? வேலியைத் தாண்டி? அங்க தரை உள்வாங்கிக்கிட்டே இருக்குன்னு எத்தனை தடவை சொன்னாங்க!

— அங்க என்ன இருக்கு போறதுக்கு? வீட்டைத்தான் அப்படியே லாரியில தூக்கி வெச்சு இங்க கொண்டுவந்து இறக்கிட்டாங்களே. ஊரே வேடிக்கை பாத்துது. நீதான் வரல.

— குத்திக்காட்டாம, நிதானமா கேளுங்க. ரெண்டு மணிக்கு நகராட்சியிலேருந்து அந்தம்மா வராங்க. இன்னும் பத்து நிமிஷம்தான். எங்க குடியிருக்கீங்கன்னு போன தடவை போன்ல கேட்டாங்களே, என்ன சொன்னீங்க?

— உள்ளதைச் சொன்னேன். ரயிலடித் தெரு, ஏழாம் நம்பர்.

— அந்தத் தெருவே இப்ப இல்லப்பா!

— கேட்டுக்கோ. அறுபது வருஷமா வாயில வந்த பேரு, லாரி நகந்ததும் மறந்துடுமா? இந்தக் கிருனா சுரங்க ஊருல நின்ன இடத்துல நின்னது எது சொல்லு? தேவாலயத்தையே வண்டியில ஏத்தி ஊர்வலமா கொண்டுவந்தாங்க. என் தாத்தா வந்தப்ப இங்க மலையும் நாலு கூடாரமும்தான். இரும்பு கிடைச்சுது, ஊரு வளந்துது. இரும்பு போன பக்கமெல்லாம் நாங்க தோண்டிக்கிட்டே போனோம், அது நேரா ஊருக்கு அடியில போச்சு. நம்ம தெருவுக்குக் கீழ வெடி வெச்சவன் நானேதான். இப்ப எனக்குத்தான் புத்தி தடுமாறிடுச்சாம்!

— இன்னிக்கும் அப்படியே பதில் சொன்னீங்கன்னா, நீங்க தனியா இருக்கக் கூடாதுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் ஸ்டாக்ஹோம்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற முதியோர் இல்லம்தான். படிவம் என் பையில இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா போதும்.

— போடுவியா?

— தெரியலப்பா. எனக்குப் பயமா இருக்கு. பனியில எங்கயாவது விழுந்து கிடந்தா யாரு பாப்பா? இந்தா, இப்பவே எங்க இருக்கீங்கன்னு தெரியாம தவிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— அங்க கொண்டு போனா ரெண்டு மாசம்கூடத் தாங்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

— சரி, அழ வைக்காதீங்க. ஜன்னல் வழியா என்ன தெரியுது? அதை மட்டும் சொல்லுங்க.

— புதுப் பள்ளிக்கூடம்.

— நம்ம அடுப்படியிலேருந்து சுரங்க மலைதானே தெரியும்! நான் மலையைப் பாத்துக்கிட்டே கஞ்சி குடிச்சு வளந்தவ.

— அது அங்க. இங்க இறக்கும்போது வீட்டைத் திருப்பி வெச்சுட்டாங்க. வெயில் எந்தப் பக்கம் வரும்னு புரியாம ஒரு மாசம் திண்டாடினேன். கேட்டுக்கோ, நீ எந்த வீட்டு வாசல்ல நிக்கிற?

— நடு வீட்டு வாசல்ல. மூணு சிவப்பு வீடு, நடுவுல இருக்கறது நம்மளது. நான் பொறந்த வீடு எனக்குத் தெரியாதா?

— கதவு நிலையில உன் உயரத்தைக் கத்தியால கீறி வெச்சிருப்பேனே. இருக்கா?

— இல்ல. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க.

— ரெண்டாவது படியில மூலை உடைஞ்சிருக்கா? உன் சறுக்குவண்டி மோதினது.

— படி... முழுசா இருக்குப்பா.

— கொஞ்சம் இரு. முன்னறை ஜன்னலுக்கு வரேன். நீலத் தொப்பியா போட்டிருக்க?

— ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீலத் தொப்பி போட்ட பொம்பளை ஒருத்தி பக்கத்து வீட்டு ஹுல்டாவோட கதவை இடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஹுல்டா போன வாரமே தங்கச்சி வீட்டுக்குப் போயாச்சு.

— அப்ப நடுவுல இருந்த நம்ம வீடு?

— லாரி வந்த வரிசையில இறக்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம லாரி கடைசி. இப்ப ஓரத்து வீடுதான் நம்மளது.

— இதை யாருமே என்கிட்ட சொல்லலையே!

— நான் சொன்னேனே, கிறிஸ்துமஸுக்குப் போன்ல. வீடெல்லாம் இடம் மாறிப் போச்சுன்னேன். நீ சரி, சரின்னு சொல்லிட்டு, மாத்திரை போட்டீங்களான்னு கேட்ட.

— நான்... நீங்க ஏதோ உளர்றீங்கன்னு நினைச்சேன்ப்பா.

— தெரியும். விடு. காபி ஆறுது, வா.

— இருங்கப்பா. ஒரு கார் வந்து நிக்குது. கையில கோப்போட ஒரு அம்மா இறங்கறாங்க.

— அவங்கதான்.

— என்கிட்டதான் வராங்க. உங்க வீடு எதுன்னு கேக்கறாங்க.

— நீ என்ன சொன்ன?

— இதுதான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, முழுங்கிட்டேன். கொஞ்சம் வெளிய வாங்கப்பா. வீடு மாறி நான் எங்க நிக்கிறேன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க.