நிமிர்ந்துபோன சுருள்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. இருபத்தாறு வருடம் பம்பு இரையும் அறையில் குப்பை கொட்டியவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கசானில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் குளிர்கலன் என் பொறுப்பு. திரவ ஹீலியம் ஊற்றி, மாதிரியைக் குளிரவைத்து, காலை ஒன்பதுக்கு ஆய்வாளர் கையில் ஒப்படைக்க வேண்டும். மீகடத்திக்கும் காந்தத்துக்கும் கீரி பாம்பு உறவு. மீகடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி போட்டுக்கொண்டு தடையில்லாமல் ஓடும். காந்தத்துக்குள் நுழைந்தால் ஜோடி பிய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஹோல்மியம் என்ற உலோகத்தை மெல்லிசாகப் பூசினால் கதை மாறும். குளிரில் அதனுள் இருக்கும் அணுக் காந்தங்கள் சுருள் படிக்கட்டு மாதிரி திருகி நிற்கும். அந்தச் சுருளைத் தாண்டும் ஜோடிகள் ஒரே பக்கமாகச் சுழலப் பழகி, காந்தத்தையும் கடந்து போய்விடும். சூடேறாத கணினி என்று எல்லோரும் கனவு காண்பது இதை நம்பித்தான்.

இதை முதலில் பார்த்தவன் நான். பதினோரு வருடத்துக்கு முன்பு, ஒரு மாதிரியைச் சோதிக்கும்போது மானியில் அந்தச் சமிக்ஞை தெரிந்தது. தலைவர் மன்சூரோவிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

"ரஃப்கத், கம்பி சரியா ஒட்டலய்யா. இரைச்சலப் போய்க் கண்டுபிடிப்புங்கிற. போ, போய் ஹீலியத்தப் பாரு" என்றார்.

நம்பினேன். வரைபடத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு சும்பெல் வேலைக்கு வந்தாள். முப்பது வயது ஆய்வாளர். அதே சமிக்ஞை அவளுக்கும் கிடைத்தது. "ரஃப்கத் அண்ணே, காந்தத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வந்திருச்சு பாத்தீங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்சூரோவ் தேன் ஊற்றிய சக்-சக் இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு. நன்றாக இருந்தது.

ஆனால் ஒன்று இரைச்சல் என்றால் எல்லோருக்கும் இரைச்சலாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கொரு நியாயம், அவளுக்கொரு நியாயமா?

மாஸ்கோவிலிருந்து சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். அன்று காலை எட்டரைக்கு, குளிர்ந்த மாதிரியின் மேல் காந்தப்புலத்தை ஒரே ஒரு தடவை உச்சத்துக்கு ஏற்றி, மறுபடி பூஜ்யத்துக்கு இறக்கினேன். சுருள் நிமிர்ந்துவிடும். சூடாக்கி மீண்டும் குளிரவைத்தால்தான் திருகும்; குளிரவைப்பவனும் நான்தான். குறிப்பேட்டில் 'புலம்: பூஜ்யம்' என்று எழுதினேன். எழுதும்போது பூஜ்யமாகத்தான் இருந்தது.

மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் மானியில் ஒன்றுமில்லை. அவளே அளவுகளை ஜோடித்துவிட்டாள் என்று மன்சூரோவ் விசாரணை வைத்தார். அவளுக்குத் தூக்கம் போனது, முடி கொட்டியது. என்னிடம்தான் வந்து அழுவாள்.

"நீங்க என்கூட நின்னு பாத்தீங்கள்ல அண்ணே? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"ஏதோ கோடு பாத்தேம்மா. அது என்ன கோடுன்னு எனக்கென்ன தெரியும், ஹீலியம் ஊத்துறவனுக்கு?"

அப்புறம் நான்தான் யோசனை சொன்னேன். "ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திரும்மா. பிடிவாதம் பிடிச்சா வெளிய தள்ளிருவாங்க. ஒத்துக்கிட்டா மன்னிச்சு விட்டுருவாங்க."

மன்னிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கடிதம் கோணல்மாணலாக இருந்தது. உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். 'அளவுகளை நானே புனைந்தேன்' என்பது என் வாக்கியம். ஒரு வாரத்தில் அவளை அனுப்பிவிட்டார்கள்.

இப்போது ஜப்பானில் யாரோ அதே சமிக்ஞையைப் பார்த்துவிட்டார்களாம். அதனால்தான் வந்திருக்கிறீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். மூன்று முறையும்.

அவள் சந்தைப் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். பால் விட்ட தேநீர் தருவாள். போன மாதம் கேட்டாள்: "நெசமாவே நான்தான் பொய்யா எழுதினேனா அண்ணே? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரமாட்டேங்குது."

"போனது போகட்டும்மா, அதையே நெனைக்காத" என்றேன்.

நீங்கள் அவளைப் பார்க்கப் போவதாக இருந்தால், இதையெல்லாம் சொல்லி அவள் மனதைக் கலைத்துவிடாதீர்கள். ரொம்பக் கஷ்டப்பட்டு நான்தான் அவளைத் தேற்றி வைத்திருக்கிறேன்.